பழைய வீடு, இரண்டு காலத்து வயர்: எந்த நீலம் நியூட்ரல்?

கொட்டாஞ்சேனைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது கொட்டாஞ்சேனையில் தாத்தா காலத்து வீடு. கீழ்வீட்டு வயரிங் எந்த வருடம் செய்தது என்று அம்மாவுக்கே தெரியாது. மேல்மாடி இரண்டு அறையும் 2012-இல் கட்டினது, அப்போதுதான் மூன்று ஃபேஸ் கரண்டும் எடுத்தோம். கீழே சிவப்பும் கறுப்பும். மேலே கபிலம், நீலம், பச்சை-மஞ்சள். இதுவரைக்கும் எனக்குக் கவலை இல்லை.

போன கிழமை ஹோல் ஃபேன் ரெகுலேட்டரை மாற்றலாம் என்று சுவர்ப் பெட்டியைத் திறந்தால் அதற்குள் இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு. கறுப்பில் ஒன்று ஆளியைப் போட்டால் டெஸ்டரில் எரிகிறது, அணைத்தால் எரியவில்லை. கறுப்பு நியூட்ரல் என்றுதானே படித்தோம்? சரி, வீட்டு லைன் எல்லாம் பிரிகிற டிபி பெட்டியையும் திறந்து பார்த்தேன். அங்கே இன்னும் குழப்பம். நீல வயர் நிறைய இருக்கிறது, அதில் தடிப்பான நீலம் ஒன்றில் டெஸ்டர் பளிச்சென்று எரிகிறது, மற்ற நீலங்களில் எரியவே இல்லை. கீழ்வீட்டு பிளக் பொயின்ட் எதிலும் பச்சையைக் காணவில்லை, மூன்று ஓட்டை மட்டும் இருக்கிறது.

யாராவது விளங்கப்படுத்துங்கள். படம் போட முயன்றேன், ஏறவில்லை.

பம்பலப்பிட்டி பையன்

மச்சான் இதில் குழப்பமே இல்லை. கரண்ட் வருகிற லைவ் கபிலம் அல்லது சிவப்பு, அது திரும்பிப் போகிற நியூட்ரல் நீலம் அல்லது கறுப்பு, பூமிக்குப் போகிற எர்த் பச்சை. உலகம் முழுக்க இதுதான். நீலத்தில் எரிந்தால் டெஸ்டர் பழுது. புறக்கோட்டையில் போய்ப் புதுசு ஒன்று வாங்கு.

ஓம் விதி

தம்பி கொட்டாஞ்சேனைக்காரன், முதல் வேலை: டிபி மூடியைத் திரும்பப் பூட்டுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்குள் வந்து சேருகிற முனைகளில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மீற்றருக்கு அந்தப் பக்கம் மின்சாரம் தருகிற நிறுவனத்துடையது, அதை நீங்கள் அணைக்க முடியாது.

இப்போது விஷயம். உங்கள் டெஸ்டர் பழுதில்லை. அந்தத் தடித்த நீலம் பெரும்பாலும் லைவ் தான்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க வயரிங்குக்கு நாங்கள் பிரித்தானிய விதிகளைத்தான் பின்பற்றினோம். அதன்படி ஒற்றை ஃபேஸில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. மூன்று ஃபேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ், கறுப்பு நியூட்ரல். பிறகு ஐரோப்பா முழுவதற்கும் ஒரே நிறம் என்று ஒத்துப்போவதற்காகப் பிரித்தானியா தன் வீட்டு வயரிங் நிறங்களை மாற்றியது. 2004 மார்ச் 31 முதல் புது நிறம் போடலாம், 2006 ஏப்ரல் 1 முதல் புது வேலைக்குப் பழைய நிறம் கூடாது என்று வந்தது. புது முறையில் ஒற்றை ஃபேஸுக்குக் கபிலம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். மூன்று ஃபேஸுக்கு லைவ் மூன்றும் கபிலம், கறுப்பு, சாம்பல். நியூட்ரல் நீலம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய முறையில் நீலம் லைவ், கறுப்பு நியூட்ரல். புதிய முறையில் கறுப்பு லைவ், நீலம் நியூட்ரல். அப்படியே தலைகீழ். சிவப்பு கபிலமாக மாறினதால் யாரும் சாகப்போவதில்லை, இந்த இரண்டும் இடம் மாறினதுதான் ஆபத்து. ஒரே பெட்டிக்குள் இரண்டு காலமும் சந்திக்கிற வீடுகள் கொழும்பில் எக்கச்சக்கம்.

உங்கள் வீட்டில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: மீற்றரில் இருந்து டிபி வரைக்கும் பழைய நிறத்துக் கேபிள் போட்டிருக்கிறார்கள், அதில் நீலம் மூன்றாவது ஃபேஸ். மேல்மாடி அறைகளுக்குப் புது நிறம், அதில் நீலம் நியூட்ரல். இரண்டு நீலமும் ஒரே டிபிக்குள் ஒரு சாண் தூரத்தில்.

கொட்டாஞ்சேனைக்காரன்

ஐயோ. சரி ஐயா, மூடிவிட்டேன். ஆனால் ஆளிக்குள் இருக்கிற கறுப்பு? அது மூன்று ஃபேஸ் இல்லையே.

செம்புக்கம்பி

அதை நான் சொல்கிறேன். தெஹிவளையில் வயரிங் வேலைதான் பார்க்கிறேன், இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும்.

அந்தக் காலத்தில் சுவர் மேலே மரப்பட்டி அடித்து இரட்டைக் கேபிள் ஓட்டுவார்கள். ஒரு உறைக்குள் சிவப்பும் கறுப்பும். கூரையில் இருந்து ஆளிக்கு இறங்குகிற துண்டில் தேவையானது இரண்டு கம்பி: லைவ் போக ஒன்று, ஆளி வழியாகத் திரும்பி ஃபேனுக்கு வர ஒன்று. நியூட்ரல் ஆளிக்குள் வரவே தேவையில்லை, அது நேரே கூரையிலேயே ஃபேனுக்குப் போய்விடும். கையில் இருப்பது சிவப்பு-கறுப்பு இரட்டைக் கேபிள், அதனால் திரும்பி வருவது கறுப்பாகிவிடும். நிறம் கறுப்பு, வேலை லைவ். ஆளியைப் போட்டால் எரிவதும் அணைத்தால் நிற்பதும் அதனால்தான். முறையாகச் செய்தவர் அந்தக் கறுப்பின் நுனியில் சிவப்பு ஸ்லீவ் (சின்ன நிறக் குழாய் உறை) ஒன்றை ஏற்றியிருப்பார், குறைந்தது சிவப்பு டேப்பாவது சுற்றியிருப்பார். நான் திறந்து பார்த்த பழைய வீடுகளில் அப்படிச் செய்திருந்ததை மிகக் குறைவாகத்தான் கண்டேன்.

மாடிப்படிக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரட்டை ஆளி இருந்தால் இன்னும் மோசம். பழைய வேலையில் இரண்டு ஆளிக்கும் நடுவே ஓடுவது சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று. அந்த நீலத்தில் சில நேரம் 230 வோல்ட் இருக்கும், சில நேரம் இருக்காது, ஆளி எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதைப் பொறுத்து. அதையும் நியூட்ரல் என்று நினைத்துத் தொட்டவர்கள் உண்டு.

இன்னொன்று சொல்லவேண்டும், இதை யாரும் விதியில் எழுதி வைக்கவில்லை. 2022-க்குப் பிறகு வயர் விலை போன போக்கில் வீட்டுக்காரர் 100 மீற்றர் சுருள் ஒன்று வாங்கிக் கொடுத்து "இதிலேயே முடியுங்கள் பாஸ்" என்பார். சுருள் முழுக்கச் சிவப்பு. அதனால் லைவும் சிவப்பு, நியூட்ரலும் சிவப்பு. திட்டவும் முடியாது, அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் நுனியில் ஒரு டேப் சுற்ற எவ்வளவு செலவு?

பம்பலப்பிட்டி பையன்

சரி சரி, மூன்று ஃபேஸ் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் நியூட்ரல் என்று உறுதியானால் தொடலாம் தானே, அதில் கரண்ட் வராது.

ஓம் விதி

வரும். ஃபேன் ஓடும்போது லைவில் போகிற அதே அளவு கரண்ட்தான் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. நியூட்ரல் முழுதாக இருக்கும்வரை அதன் அழுத்தம் பூமிக்குக் கிட்டத்தட்டச் சமம், அதனால் டெஸ்டர் எரியாது, தொட்டாலும் தெரியாது. எங்கேயோ ஒரு மூட்டு கழன்று நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. லைவ் ஃபேன் சுருளுக்குள்ளாக வந்து அறுந்த நுனியில் நிற்கும். ஃபேன் ஓடாது, "கரண்ட் இல்லை" என்று நினைத்து அந்த நியூட்ரலைப் பிடித்தால் உங்கள் உடம்புதான் மிச்ச வழி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: பிளக் பொயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் "இரண்டு லைவ் வருகிறது" என்று சொல்வார்கள். அநேகமாக அது நியூட்ரல் அறுந்ததன் அடையாளம். மூன்று ஃபேஸ் வீட்டில் பிரதான நியூட்ரலே கழன்றால் ஒரு ஃபேஸில் வோல்ட் இறங்கி இன்னொன்றில் 300-க்கு மேலும் ஏறலாம், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே இருப்பது 400 வோல்ட் அல்லவா. ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் ஒரே நாளில் புகைந்த வீடுகளில் பல நேரம் காரணம் இதுதான்.

பதினோராம் ஆண்டு

நான் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறேன். எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் உயிர்க்கம்பி கபிலம், நொதுமற்கம்பி நீலம், புவிக்கம்பி பச்சையில் மஞ்சள் கோடு என்றுதான் படிக்கிறோம். பழைய நிறத்தை எழுதினால் புள்ளி போகும் போல. ஏன் பச்சையில் மஞ்சள் கோடு போட்டார்கள்? தனிப் பச்சையே போதாதா?

ஓம் விதி

நல்ல கேள்வி மகள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் உண்டு, ஆண்களில் அது கணிசம். பழைய முறையில் லைவ் சிவப்பு, எர்த் பச்சை. அப்படிப்பட்ட ஒருவர் மங்கலான வெளிச்சத்தில் பிளக் பூட்டினால் எர்த்தையும் லைவையும் மாற்றிக் கொடுக்கலாம், அப்போது இஸ்திரிப்பெட்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட். கோடு போட்ட கம்பியை நிறமே தெரியாதவரும் கண்டுபிடிப்பார். கபிலமும் நீலமும் அவர்கள் கண்ணுக்கும் வேறு வேறாகத் தெரிகிற சோடி.

இந்த மாற்றம் சாதனங்களின் வளையும் வயரில் 1970 அளவிலேயே பிரித்தானியாவில் வந்துவிட்டது, சுவர் வயரிங்குக்குத்தான் முப்பது வருடம் பிந்தியது. அதனால் நம் வீடுகளிலும் நெடுங்காலமாகச் சுவருக்குள் சிவப்பு-கறுப்பு, இஸ்திரிப்பெட்டியில் கபிலம்-நீலம் என்று ஓடுகிறது. கபிலம் சிவப்போடு, நீலம் கறுப்போடு, ஒற்றை ஃபேஸில் அவ்வளவுதான்.

ஒரு கொசுறு. 1960-களின் நடுப்பகுதி வரை ஜெர்மனியில் சாதன வயரில் எர்த் சிவப்பு. அந்தக் காலத்து ஜெர்மன் பொருளை வாங்கி இங்கே பிளக் பூட்டியவர் சிவப்பை லைவ் என்று நினைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

மரைன் டிரைவ்

இந்த இழையிலேயே என் கேள்வியையும் கேட்கலாமா? வெள்ளவத்தையில் அடுக்குமாடி, ஏழாவது மாடி. எல்ஈடி பல்ப் அணைத்த பிறகும் இரவில் மங்கலாக எரிகிறது. மகன் பேய் என்கிறான். மாற்றினேன், புதுசும் அப்படியே. வயர் நிறம் மாறிப் பூட்டியதால் இப்படி வருமா?

செம்புக்கம்பி

வரும் அக்கா. ஆளி லைவில்தான் இருக்கவேண்டும். பூட்டியவர் நிறத்தை மாற்றிப் பிடித்து நியூட்ரலை ஆளி வழியாக விட்டிருந்தால் பல்ப் அணையும், ஆனால் ஹோல்டருக்கு லைவ் எப்போதும் வந்துகொண்டிருக்கும். பழைய மஞ்சள் பல்ப் காலத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. எல்ஈடிக்குக் கசிகிற துளிக் கரண்டே போதும், மங்கலாகக் காட்டிக் கொடுத்துவிடும். மேலே ஏறி பல்ப் மாற்றுகிறவர் "ஆளி அணைத்துத்தானே இருக்கு" என்று ஹோல்டரில் விரல் வைத்தால் அடிக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஒரே குழாய்க்குள் லைவும் ஆளிக் கம்பியும் நெடுந்தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் தூண்டலால் கொஞ்சம் வரும். அது ஆபத்தில்லை. எது என்று பார்க்க ஆளை வைத்து ஆளிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், ஆளியில் நீலம் பூட்டியிருந்தால் முதலாவது. கடற்கரைப் பக்கம் என்பதால் முனை ஆணிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி பையன்

கொட்டாஞ்சேனை மச்சானுக்கு எர்த் இல்லாத பிரச்சினைக்கு நான் வழி சொல்கிறேன். பிளக் பொயின்டுக்குள் நியூட்ரலில் இருந்து ஒரு சின்னத் துண்டு எர்த்துக்குப் போடு. எங்கள் பக்கத்து வீட்டில் வயரிங் பாஸ் அப்படித்தான் செய்தார், வொஷிங் மிஷின் அடிப்பது நின்றுவிட்டது.

ஓம் விதி

இந்த ஒரு அறிவுரையை யாரும் செய்யாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், தம்பியும் கேட்டுக்கொள்ளவும், உங்கள் பக்கத்து வீட்டாருக்கும் போய்ச் சொல்லவும்.

நியூட்ரல் அறுந்தால் அதன் நுனியில் லைவ் வந்து நிற்கும் என்று மேலே எழுதினேன். அந்த நுனியை நீங்கள் இப்போது வொஷிங் மிஷினின் தகரத்தோடு கட்டி வைத்திருக்கிறீர்கள். நியூட்ரல் எங்கே கழன்றாலும் அடுத்த நொடியில் மிஷின் முழுக்க 230 வோல்ட். ஈரக் கால், சீமெந்துத் தரை. இது வரைக்கும் அடிக்கவில்லை என்றால் நியூட்ரல் மூட்டு இன்னும் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பொயின்டுக்கு எங்கேயாவது உண்மையான எர்த்தும் தொடுத்திருந்தால் கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற ட்ரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழும், அதைப் பார்த்துப் பாஸ் ட்ரிப் சுவிட்சையும் கழற்றிவிடுவார். அப்புறம் கடவுள் விட்ட வழி.

நம் நாட்டு முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் தண்டு, முற்றத்தில் அடித்தது. அந்தத் தண்டின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம், கொழும்பில் வெயில் காலத்தில் மண் காய்ந்தால் இன்னும் கூடும். லைவ் மிஷின் உடம்பில் பட்டால் பூமிக்குப் போகிற கரண்ட் 230-ஐ 20-ஆல் பிரித்து வருகிற 11.5 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண சுமை, அசையவே அசையாது. அதனால்தான் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். எர்த் வயர் இருந்தால் கசிவு தொடங்கின கணமே ட்ரிப் விழும். எர்த் வயர் இல்லாவிட்டால் ஒருவர் தொட்டு அவர் வழியாகக் கரண்ட் பூமிக்குப் போன பிறகுதான் விழும். உயிர் தப்பலாம், ஆனால் அடி வாங்கித்தான் தெரியவரும்.

ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும், இடைக்கிடை அமத்திப் பாருங்கள். அது விழுந்தால் சுவிட்ச் நல்லது என்றுதான் அர்த்தம். எர்த் இருக்கிறதா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது, வெளியே எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அது விழும்.

பம்பலப்பிட்டி பையன்

சரி ஐயா. பக்கத்து வீட்டுக்கு இன்றைக்கே போய்ச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்

அப்போ நிறத்தை நம்பவே கூடாதா? எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது?

செம்புக்கம்பி

நிறம் என்பது போத்தலில் ஒட்டின லேபல் மாதிரி அண்ணா, சீனி என்று எழுதியிருக்கும், உள்ளே உப்பா சீனியா என்பது போட்டவருக்குத்தான் தெரியும். நான் எந்த வீட்டிலும் நிறத்தைப் பார்த்து ஒரு ஊகம் வைத்துக்கொள்வேன், பிறகு மல்டிமீற்றரை வைத்து அதைச் சோதிப்பேன். டெஸ்டரை நான் நம்புவது "கரண்ட் இருக்கிறது" என்று அது சொல்லும்போது மட்டும். எரியவில்லை என்றால் அது எதையும் நிரூபிக்காது, செருப்புப் போட்டு மர ஏணியில் நின்றாலும் மங்கும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. பக்கத்துக் கம்பியின் தூண்டலிலும் சும்மா எரியும்.

மல்டிமீற்றரில் ஒரு நல்ல பிளக் பொயின்டில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவு, லைவுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று இரண்டு வோல்ட் காட்டவேண்டும். லைவுக்கும் எர்த்துக்கும் 60, 90 என்று ஆடிக்கொண்டிருந்தால் அந்த எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை. மீற்றரை முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை இடத்தில் பார்த்து, திரும்பவும் தெரிந்த இடத்தில் பார்ப்பேன். நடுவில் மீற்றரின் பற்றரி செத்திருந்தால்?

பிளக் பொயின்டில் பக்கமும் முக்கியம். சதுர முனை 13 அம்பியர் பொயின்டை நேரே பார்த்தால் மேலே எர்த், கீழே வலது லைவ், இடது நியூட்ரல். பிளக்கைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள்: உள்ளே பியூஸ் இருக்கிற பக்கம் கபிலம். எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், யாராவது இழுத்தால் அது கடைசியில்தான் கழரவேண்டும்.

உங்கள் வீட்டுக்கு ஆள் வரும்போது மெகர் (வயர் உறையின் தடையை அளக்கிற கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்டில் கம்பிகளுக்கு நடுவே ஒரு மெகா ஓமாவது வரவேண்டும். பழைய ரப்பர் உறை வயர் என்றால், மேலே துணி பின்னினது, கை பட்டாலே பொடியாக உதிரும். அதில் சிவப்பும் கறுப்பும் தூசியில் ஒரே நிறமாகிப் போயிருக்கும், துடைத்துப் பார்த்துக்கூடச் சொல்ல முடியாது.

ஸ்கார்பரோ அத்தான்

குறுக்கே வருகிறேன். கனடாவில் இருந்து அம்மாவுக்கு ஒரு மிக்சர் கொண்டு வந்தேன். உள்ளே கறுப்பு, வெள்ளை, பச்சை. தம்பி பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் பிளக் போடுகிறேன் என்று நிற்கிறான். கறுப்பு நியூட்ரல் தானே?

செம்புக்கம்பி

நிறுத்துங்கள் அத்தான், வெட்ட விடவேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். அதைவிடப் பெரிய பிரச்சினை, அது 120 வோல்ட் சாமான். இங்கே 230. நிறம் எல்லாம் சரியாகப் பூட்டினாலும் ஆளியைப் போட்ட உடனே புகை வரும். வோல்ட் குறைக்கிற டிரான்ஸ்போமர் வேண்டும், மிக்சரில் எழுதியிருக்கிற வாட்ஸைவிடப் பெரியதாக. அப்போதும் தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் அந்த டிரான்ஸ்போமர் காசுக்கு இங்கேயே ஒரு மிக்சர் பார்க்கலாம்.

ஸ்கார்பரோ அத்தான்

அம்மாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்

அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. ஓம் விதி ஐயா சொன்னது அப்படியே சரி: மீற்றரில் இருந்து வருவது சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. அந்தத் தடித்த நீலம் மூன்றாவது ஃபேஸ். ரெகுலேட்டர் பெட்டியில் இருந்த கறுப்பு ஃபேனுக்குத் திரும்பிப் போகிறது. மற்றக் கறுப்பு உண்மையான நியூட்ரல், அடுத்த அறைக்கு அங்கேயே மூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆக ஒரே பெட்டிக்குள் ஒரு கறுப்பு லைவ், ஒரு கறுப்பு நியூட்ரல்.

முற்றத்து எர்த் தண்டின் கவ்வி துருப்பிடித்துக் கையில் வந்துவிட்டது. மேல்மாடி பச்சை-மஞ்சள் எல்லாம் டிபி வரைக்கும் அழகாக வந்து, அங்கிருந்து எங்கேயும் போகவில்லை என்பதுதான் அதன் பொருள். கீழ்வீட்டில் சமையலறைப் பக்கத்து வயர் மெகரில் தோற்றுவிட்டது. சமையலறையை முழுக்க மாற்றுவது, மற்றதை இப்போதைக்கு விட்டு ஸ்லீவ் ஏற்றுவது என்று பேசியிருக்கிறோம். புதுசுக்கு என்ன வயர் வாங்குவது? பழைய சிவப்போடு புதுக் கபிலத்தை மூட்டலாமா?

செம்புக்கம்பி

மூட்டலாம், சிவப்போடு கபிலம், கறுப்போடு நீலம், ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் மீற்றர் வைத்த பிறகு. டிபிக்குள் வருகிற மூன்று ஃபேஸுக்கும் கபில ஸ்லீவ் ஏற்றி எல்1, எல்2, எல்3 என்று எழுதச் சொல்லுங்கள், கறுப்புக்கு நீல ஸ்லீவ். டிபி மூடியில் "இந்த வீட்டில் இரண்டு முறை நிறங்களும் உள்ளன" என்று ஓர் எச்சரிக்கை ஒட்டவேண்டும், நிறம் மாறியபோது பிரித்தானிய விதியிலும் அப்படித்தான் கேட்டார்கள். சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள், அடுத்த முறை வருகிற பாஸ் யார் என்று தெரியாதே.

வயர் (முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஒரு இழையின் விட்டம் மில்லிமீற்றரில்): லைட்டுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67, அதுதான் 2.5 சதுர மில்லிமீற்றர். குக்கருக்குத் தனி லைன் என்றால் 7/1.04. எஸ்எல்எஸ் (இலங்கைத் தரம்) முத்திரை உறையிலேயே அச்சாகியிருக்கும், சுருளின் பெட்டியில் மட்டும் இருந்தால் வாங்கவேண்டாம். முதலாம் குறுக்குத் தெருவில் விலை கேட்டுவிட்டு வீட்டுப் பக்கத்துக் கடையிலும் கேளுங்கள், ஒரே சுருளுக்கு வித்தியாசம் இருக்கும். மூன்று நிறமும் வாங்குங்கள், சுருள் மிஞ்சினாலும் பரவாயில்லை. பழைய உருண்டை முனை 5, 15 அம்பியர் பொயின்டுகளைக் கழற்றும்போது 13 அம்பியர் சதுர முனையாக மாற்றிவிடுங்கள், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தரமாக வைத்திருப்பதும் அதைத்தான்.

ஓம் விதி

எர்த் தண்டைப் புதிதாக அடித்த பிறகு அதன் தடையை அளந்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள் தம்பி. "நல்லா இருக்கு" என்ற வாய்ப்பேச்சு வேண்டாம்.

மரைன் டிரைவ்

செம்புக்கம்பி தம்பி, ஆளியைத் திறந்து பார்த்தார்கள், நீங்கள் சொன்னது போலவே நீலம்தான் பூட்டியிருந்தது. மாற்றிப் பூட்டினதும் வரவேற்பறை பல்ப் எல்லாம் சரி. படுக்கையறையில் ஒன்று மட்டும் இன்னும் மங்கலாக எரிகிறது. அங்கே ஆளியில் கபிலம்தான், சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்.

செம்புக்கம்பி

அந்த ஆளியில் இருட்டில் தெரிய ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதா அக்கா?

மரைன் டிரைவ்

ஓம், இருக்கிறது.

செம்புக்கம்பி

அதுதான். ஆளி அணைந்திருக்கும்போது அந்தச் சின்ன விளக்குக்கான கரண்ட் பல்ப் வழியாகத்தான் போய் முடிகிறது, எல்ஈடிக்கு அதுவே போதும். ஆபத்து இல்லை. விளக்கு இல்லாத சாதாரண ஆளி ஒன்று மாற்றினால் நின்றுவிடும்.